அல்-அஸ்ஹரின் வாய்மொழிப் பரீட்சை

அரபு மொழியைக் கற்றவன் அதனை நாவினால் ஆளவல்லவனா என்று சோதித்தறிந்த முறைகளுள், கெய்ரோ நகரத்து அல்-அஸ்ஹர் கலாசாலையில் 1872-ஆம் ஆண்டு ஏற்பட்ட முறையைப் போல் என் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்றில்லை. பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய அப்பெரும் பள்ளியில் அதற்கு முன்னர் பொதுப் பரீட்சை கிடையாது. பள்ளிவாசல் தூணொன்றில் சாய்ந்து ஷேக் பாடம் சொல்ல, மாணாக்கர் வட்டமாய் அமர்ந்து கேட்பர். ஆண்டுகள் பல ஓதித் தகுதி பெற்றதாகத் தன்னைக் கருதியவன், ஆசிரியர்களின் அனுமதியோடு தானும் ஒரு தூணடியில் அமர்ந்து போதிக்கத் தொடங்கி, கேட்போர் தொடுக்கும் வினாக்களுக்கு ஈடுகொடுத்து நின்றால் ஆலிமாக, அதாவது சமய அறிஞனாக, மதிக்கப்படுவான்.

1872-இல் அதற்குத் தலைமை வகித்த ஷேக் முஹம்மது அல்-அப்பாஸி அல்-மஹ்தி, ஆறு அறிஞர்கள் கொண்ட சபை பதினொரு சாஸ்திரங்களில் வாய்மொழியாகச் சோதிக்க வேண்டும் என்று விதிவகுத்தபோது, பழைய வழக்கத்தின் ஜீவனைக் கைவிடவில்லை: பரீட்சை எழுத வந்தவனைப் போலன்றி, பாடம் சொல்ல வந்தவனைப் போல மாணாக்கன் ஆசிரியரின் இடத்தில் அமர்வான், பரீட்சகர்கள் சீடர்களைப் போல எதிரே அமர்ந்து ஐயம் எழுப்புவர். அப்பதினொன்றில் நஹ்வு (தொடரிலக்கணம்), ஸர்ஃபு (சொல்லிலக்கணம்), அணியிலக்கணத்தின் பிரிவுகளான மஆனி, பயான், பதீஉ ஆகிய ஐந்தும் மொழியைப் பற்றியவை. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவன் இந்த ஆசனத்தில் நெடுநேரம் நிலைக்க இயலாது. வினாவின் உட்கருத்தைப் பற்றி, தக்க சொல்லைத் தேடி, தன் கூற்றை நிலைநாட்டத் தெரிந்தவனுக்கே அது இடங்கொடுக்கும். பேச்சுத் திறனை அளக்க இதனினும் நேர்மையான அமைப்பை நான் அறியேன்.

ஆயினும், பேசுகிறவனின் சொல் காற்றோடு போகிறது. தீர்ப்பளிப்பவரின் விருப்பு வெறுப்பே எஞ்சுகிறது. 1877-இல் முஹம்மது அப்துஹுவின் புதுக்கொள்கைகளை வெறுத்தோர் சபையில் இருந்தமையால், பிற்காலத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய அப்பேரறிஞருக்கு இரண்டாந்தரமே கிட்டியது. இளமையிலேயே பார்வையிழந்து, செவியும் நாவுமே கருவியாகக் கற்ற தாஹா ஹுஸைனுக்கும் 1912-இல் அல்-அஸ்ஹரில் தேர்ச்சி மறுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், பார்வையற்ற மகாகவி அல்-மஅர்ரியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தை அவரே முதன்முதலில் பெற்றார்.

அரபு வகுப்புகளில் இன்று வாய்மொழித் தேர்வு நடத்தும் ஆசிரியர்களை நான் வேண்டுவது இதுவே: மாணாக்கனை ஆசிரியரின் ஆசனத்தில் அமர்த்தி ஐயம் கேளுங்கள், ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை, அவன் வாய்திறக்கும் முன்னரே எழுதி அவனுக்கு அறிவித்துவிடுங்கள்.