இளம் வயதில் இறக்கும் குழந்தைகளும் உயிர்ப்பின் நம்பிக்கையும்

சில ஆண்டுகளுக்கு முன் எனது பங்கில் ஒரு குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்தது. திருமுழுக்குக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. துக்க வீட்டுக்குச் சென்ற என்னிடம் அக்குழந்தையின் பாட்டி கேட்டார்: "சாமி, ஞானஸ்நானம் இல்லாமப் போச்சே. என் பேரப்புள்ள எங்க இருக்கும்? கடைசி நாள்ல எந்திரிக்குமா?"

பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்டது ஒரு குழந்தைக்காக மட்டும் அல்ல என்று. அவருடைய தலைப்பிள்ளையும் அப்படியே இறந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே புதைத்தார்களாம். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்காமல் மனத்தில் சுமந்திருக்கிறார். அவருக்கு நான் சொன்ன பதிலையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சம்மனசு அல்ல, அதே குழந்தை

குழந்தை இறந்த வீட்டில் "சம்மனசாகிவிட்டது" என்று சொல்லித் தேற்றுவது நம் வழக்கம். "ஆண்டவருக்குப் பிடித்த பூ, பறித்துக்கொண்டார்" என்றும் சொல்கிறோம். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் திருச்சபையின் நம்பிக்கை இதுவன்று. வானதூதர்கள் உடலற்ற படைப்புகள். மனிதர் இறந்து வானதூதர் ஆவதில்லை. நம் விசுவாச அறிக்கையில் நாம் அறிக்கையிடுவது உடலின் உயிர்ப்பை. அப்படியென்றால் அந்தத் தாய் பத்து மாதம் சுமந்த அதே குழந்தை, வேறொன்றாக மாறாமல், கடவுளிடம் முழு வாழ்வு பெறும். கடவுளுக்குப் பூப்பறிக்கும் தேவையும் இல்லை. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று சாலமோனின் ஞானம் தெளிவாகக் கூறுகிறது (சாஞா 1:13).

பெற்றோரிடம் திருப்பித் தரப்பட்ட பிள்ளைகள்

விவிலியத்தில் பிள்ளைகள் உயிர்பெற்று எழும் நிகழ்ச்சிகளைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சாரிபாத்துக் கைம்பெண்ணின் மகனை எலியா மாடியிலிருந்து தூக்கி வந்து தாயிடம் ஒப்படைக்கிறார் (1 அர 17:23). சூனேம் ஊர்ப் பெண்ணிடம், மகனை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் எலிசா (2 அர 4:36). நயீனில் இயேசு அந்த இளைஞனை அவன் தாயிடம் கொடுக்கிறார் (லூக் 7:15). யாயிரின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பியதும், அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு சொல்கிறார் (மாற் 5:43).

இவர்கள் எல்லாரும் பின்னாளில் மீண்டும் இறந்தவர்களே. ஆகவே இவை இறுதி உயிர்ப்பு அல்ல, அதன் முன்னடையாளங்கள். ஆனால் இவற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கடவுள் பிள்ளைக்கு உயிரை மட்டும் கொடுத்து நிறுத்துவதில்லை. பிள்ளையைப் பெற்றோருக்கும் திருப்பித் தருகிறார். நம் ஆண்டவர் அந்தத் தாயின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கியவர். அந்தக் கண்ணீர் விசுவாசக் குறைவு அல்ல. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயருறாதீர்கள் என்றுதான் பவுல் சொன்னார் (1 தெச 4:13). அழவே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

திருமுழுக்குப் பெற்ற குழந்தைகள்

இவர்களைப் பற்றித் திருச்சபைக்கு எந்த ஐயமும் இல்லை. திருமுழுக்குப் பெற்று, புத்தி விவரம் தெரியும் முன்னே இறக்கும் குழந்தைகள் கடவுளை நேருக்கு நேர் காண்கிறார்கள் என்று திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் 1336ஆம் ஆண்டு அறிவித்தார். அதனால்தான் இக்குழந்தைகளின் அடக்கத் திருப்பலியில் பாவமன்னிப்புக்காக மன்றாடுவதில்லை. பெற்றோரின் ஆறுதலுக்காகவே மன்றாடுகிறோம்.

தூய அகுஸ்தினாரும் மகனை இழந்த தந்தை. 387ஆம் ஆண்டு மிலான் நகரில் தந்தையும் மகனும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். மகன் பெயர் அதேயோதாத்துஸ்; கடவுளால் கொடுக்கப்பட்டவன் என்று பொருள். சில ஆண்டுகளிலேயே, இருபது வயதைக்கூட எட்டாமல், அவன் இறந்தான். அவனைக் குறித்துத் தமக்கு எந்த அச்சமும் இல்லை என்ற கருத்தில் அகுஸ்தினார் பின்னர் எழுதினார். குழந்தைகள் எந்த வயது உடலோடு உயிர்த்தெழுவர் என்ற கேள்விக்கும் அவர் தம் கருத்தைச் சொல்லியிருக்கிறார். வளர்ந்திருந்தால் அடைந்திருக்க வேண்டிய முழு வளர்ச்சியைக் கடவுள் அவர்களுக்கு அருள்வார் என்பது அவர் எண்ணம். இது விசுவாசக் கோட்பாடு அல்ல. ஆயினும் தொட்டிலிலேயே நின்றுபோன வாழ்வைக் கடவுள் பாதியில் விட்டுவிடமாட்டார் என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

திருமுழுக்குப் பெறாத குழந்தைகள்

அந்தப் பாட்டியின் கேள்வி இதுதான். திருமுழுக்கின் தேவையை வலியுறுத்திய அதே அகுஸ்தினார், அதைப் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு மிக இலேசான தண்டனையாவது உண்டு என்று கருதினார். அது கடுமையானது என்று உணர்ந்த இடைக்கால இறையியலார், துன்பம் இல்லாத, ஆனால் கடவுளின் காட்சியும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையைப் பற்றிப் பேசினர். பல நூற்றாண்டுகள் இது மறைக்கல்வியில் கற்பிக்கப்பட்டது. ஆனால் ஒருபோதும் இது விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், இக்குழந்தைகளுக்கான அடக்கச் செபங்கள் வழிபாட்டு நூலில் இடம்பெற்றன. 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போ பற்றிப் பேசவில்லை. இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கவும், அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று எதிர்நோக்கவும் நம்மை அழைக்கிறது (எண் 1261). 2007ஆம் ஆண்டு, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவர்களின் இசைவோடு அனைத்துலக இறையியல் ஆணையம் இதே பொருள்பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்கப்பட்டுக் கடவுளைக் காண்பர் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் இது எதிர்நோக்கே அன்றி, வெளிப்படுத்தப்பட்ட உறுதியான அறிவு அல்ல என்று அது கூறுகிறது.

"உறுதி இல்லையா, சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நம்பிக்கை யார்மீது என்று எண்ணிப் பாருங்கள். சிறுபிள்ளைகளைத் தடுத்தவர்கள்மீது கோபம்கொண்ட இயேசுவின்மீது அல்லவா (மாற் 10:14)? கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு இணைத்திருக்கிறார். ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

மாசில்லாக் குழந்தைகள்

திருச்சபையின் நாள்காட்டியே இதற்குச் சாட்சி. ஏரோதால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகள் திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 28 அன்று அவர்களை மறைசாட்சிகளாக வணங்குகிறோம். 2004ஆம் ஆண்டு அந்த விழா ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. நாகை, வேளாங்கண்ணிக் கரைகளில் அன்றும் பிள்ளைகளை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஆறுதல் பெற மறுத்த இராகேலின் அழுகையை (மத் 2:18) நம் கடற்கரை மக்களுக்கு அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, குழந்தையின் திருமுழுக்கை விருந்துக்காகவும் உறவினர் வருகைக்காகவும் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். சாவு ஆபத்தில், குரு வரும்வரை காத்திருக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றி, மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க விரும்பியும் அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் (திருச்சபைச் சட்டம் 1183). பங்குக் குருவிடம் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்த குழந்தை அடுத்த குழந்தைதான். உயிர்ப்பில் நாம் எதிர்நோக்குவது இந்தக் குழந்தையை.

அந்தப் பேரக்குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே அடக்கம் செய்தோம். எல்லாம் முடிந்தபின் பாட்டி என்னைச் சுவருக்கு வெளியே அழைத்துச் சென்றார். அங்கே முள்செடி தவிர அடையாளம் ஒன்றும் இல்லை. "பேர் வச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லியே செபித்தோம். அது திருமுழுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் தாய் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று வாக்களித்த கடவுளிடம் (எசா 49:15), ஐம்பது ஆண்டுகளாக மறக்காத ஒரு தாய் தன் பிள்ளையை அன்று ஒப்படைத்தார்.

அந்தப் பிள்ளையை அவர் மீண்டும் காண்பார் என்று எதிர்நோக்கி, நாமும் அவரோடு செபிப்போம்.