ஓதுமொழியும் மூலமொழியும்: திருத்தத்திற்குப் பிந்தைய உரோமை வழிபாட்டில் இலத்தீன்

ஒரு சமயம் தன் வழிபாட்டு மொழியை மாற்றுங்கால் பழைய மொழி முற்றும் மறைகின்றதா, அன்றி வேறோரிடத்தில் நிலைபெறுகின்றதா என்பது மொழி வரலாற்றார் ஆராய்தற்குரிய வினாவாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டினின்றும் இலத்தீனை நீக்கிவிட்டது என்பர் பலர். சங்கத்தின் ஏட்டையும் அதன்பின் எழுந்த ஆணைகளையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு அக்கூற்று முழுதும் பொருந்தாமை புலனாகும்.

இலத்தீனும் ஒருகாலத்தில் மக்கள் மொழியாய் வழிபாட்டினுட் புகுந்ததே. உரோமைத் திருச்சபை தொடக்கத்தில் கிரேக்கத்தில் வழிபட்டது. மக்கள் வழக்கில் கிரேக்கம் அருகவே, நான்காம் நூற்றாண்டில், தமாசு பாப்பரசர் (366–384) காலத்தையொட்டி, இலத்தீன் அதன் இடத்தைப் பெற்றது. இலத்தீன் திருப்பலியிலும் 'கீரியே எலேயிசோன்' என்னும் கிரேக்க மன்றாட்டு எஞ்சி நின்றமை இவ்வரலாற்றிற்குச் சான்றாகும். 1562-இல் திரெந்துச் சங்கம், திருப்பலி யாண்டும் மக்கள் மொழியில் நிகழ்வது தக்கதன்று எனக் கருதியது. மக்கள் மொழியில் மட்டுமே நிகழ்தல் வேண்டும் என்பாரைக் கண்டித்தது. எனினும், இலத்தீன் ஒன்றே வழிபாட்டிற்குரிய மொழி என்று அச்சங்கம் கூறிற்றில்லை.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் 2,147 வாக்குகள் சார்பாகவும் 4 வாக்குகள் எதிராகவும் அமைய நிறைவேறியது திருவழிபாடு பற்றிய சங்க ஏடு. அதன் 36-ஆம் பிரிவு, இலத்தீன் சடங்குமுறைகளில் இலத்தீனின் வழக்குக் காக்கப்படல் வேண்டும் என முதற்கண் விதிக்கின்றது. மக்கள் மொழிக்கு விரிந்த இடம் தரலாம் என அடுத்து இசைகின்றது. மக்கள் தமக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் ஓதவும் பாடவும் வல்லவராதல் வேண்டும் என்கின்றது 54-ஆம் பிரிவு. 116-ஆம் பிரிவோ கிரகோரியப் பாடலுக்கு முதன்மை அளிக்கின்றது. எனவே, ஏட்டின்படி இலத்தீன் விதி. மக்கள் மொழி இசைவு.

நடைமுறையில் இசைவே விதியாயிற்று. 1964-இல் வெளிவந்த செயல்முறை ஆணை 1965 மார்ச்சு 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் ஆறாம் சின்னப்பர் உரோமை நகரப் பங்குக் கோவில் ஒன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். 1967-இல் திருப்பலியின் நடுப்பகுதியாகிய நற்கருணை மன்றாட்டையும் மக்கள் மொழியில் ஓத இசைவு கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. 1969 நவம்பர் 26-ஆம் நாள் ஆற்றிய உரையில், இலத்தீனையும் அதனோடியைந்த இசையையும் இழப்பது பேரிழப்பே என ஒப்புக்கொண்ட அப்பாப்பரசர், மக்கள் பொருளுணர்ந்து வழிபடுதல் அதனினும் விழுமியது என்று முடிவுகூறினார். 1974-இல் எளிய இலத்தீன் பாடல்கள் அடங்கிய சிறுநூலொன்றை ஆயர்களுக்கு அனுப்பியவரும் அவரே.

வாயினின்று அகன்ற இலத்தீன் மூல ஏட்டில் நிலைத்தது. 1970-இல் வந்த புதிய திருப்பலி நூலும், 2002-இல் அச்சான அதன் மூன்றாம் பதிப்பும் இலத்தீனிலேயே இயற்றப்பட்டன. அந்நூலைப் பொறுத்தவரை மக்கள் மொழிப் பதிப்புகள் பெயர்ப்புகளே. ஆகவே, பெயர்ப்பின் செம்மையைப் பற்றி வழக்கெழுங்கால் தீர்ப்பளிப்பது இலத்தீனே. குருவின் வாழ்த்துக்கு மக்கள் கூறும் மறுமொழியில் இலத்தீனில் உள்ள 'ஆவி' என்னும் சொல்லை 1973-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு விட்டுவிட்டது. மூலத்தை நெருங்கிப் பின்பற்றுமாறு 2001-இல் உரோமை ஆணையிட, 2011-ஆம் ஆண்டின் பெயர்ப்பில் அச்சொல் மீண்டது. கிண்ணத்தின்மேல் ஓதும் மொழிகளில் 'பலர்' எனப் பொருள்படும் சொல்லை 'எல்லார்' என்று பெயர்த்ததும் இவ்வாறே திருத்தம் பெற்றது. 2017-இல் பிரான்சிசு பாப்பரசர் பெயர்ப்புப் பொறுப்பில் ஆயர் பேரவைகளுக்கு மிகுதியான உரிமை வழங்கினார். எனினும் மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்னும் அளவுகோலை அவர் நீக்கவில்லை.

ஈண்டு ஒரு மயக்கம் களைதற்குரியது. இலத்தீன் மொழி வேறு. திருத்தத்திற்கு முற்பட்ட சடங்குமுறை வேறு. 2007-இல் பதினாறாம் பெனடிக்டு விரிவாக இசைவளித்ததும், 2021-இல் பிரான்சிசு வரையறுத்ததும் 1962-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அமைந்த பழைய முறையையே. புதிய முறையையும் இலத்தீனில் நிறைவேற்றலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 928-ஆம் விதி இதற்கு இடந்தருகின்றது. ஒன்றன் வரையறையை மற்றதன் விலக்காகக் கொள்ளுதல் வரலாற்றுப் பிழையாகும்.

இவற்றால் பெறப்படுவது யாது? சீர்திருத்தம் இலத்தீனை அழித்திலது; ஓதுமொழியாய் இருந்த அதனை மூலமொழியாக்கியது. ஆயின் இம்மாற்றம் இழப்பற்றதன்று. முன்னர்ப் பொருளறியாத எளியோரும் செவியாற் கேட்டும் நாவாற் பாடியும் பழகிய மொழி, இன்று கற்றார் சிலரின் கருவியாய்ச் சுருங்கியது. மக்கள் வழிபாட்டை உணர்ந்தனர். அவ்வழிபாட்டுச் சொற்களின் மூலத்தை ஆராயும் ஆற்றலோ சிலரிடமே தங்கியது. உரோமை முறையின் தமிழ்த் திருப்பலி நூலும் இப்பெயர்ப்பு வரிசையில் அடங்குவதே. அதன் சொல்லாட்சியை ஆராயப்புகும் தமிழ் மாணவர் இலத்தீன் மூலத்தை உடன்வைத்து நோக்குதல் இன்றியமையாதது.