அம்லோடிபின்

அம்லோடிபின், உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஆஞ்சைனா எனப்படும் இதய நெஞ்சுவலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை. கால்சியம் சேனல் பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. பைசர் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்துக்கு அமெரிக்காவில் 1992-ல் ‘நார்வாஸ்க்’ என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடுவீடாகக் கொண்டுபோய்த் தரும் பிரஷர் மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் தசைக்குள் நுழைவதை அம்லோடிபின் குறைக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. இதில் தனித்துச் சொல்லவேண்டியது இதன் நிதானம். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதில் பாதி உடலைவிட்டு நீங்க 30 முதல் 50 மணி நேரம். தினமும் சாப்பிட்டுவந்தால் மருந்தின் அளவு உடலில் நிலைபெற ஏழெட்டு நாள் பிடிக்கும். நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்பதும், காலையிலோ இரவிலோ எடுக்கலாம் என்பதும் இதனால்தான். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எடுக்கலாம். நேரம் எதுவானாலும் அதை மாற்றாமல் இருப்பது நல்லது.

இதைப் பயன்படுத்துவதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. மூன்றாம் நாள் அழுத்தத்தை அளந்து பார்த்து, ‘குறையவே இல்லை’ என்று தாமாகவே இரண்டு மாத்திரை போடுகிறார்கள். சில வாரங்களில் அளவு சரியானதும், ‘குணமாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த நல்ல அளவே மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில நாள்களில் அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஒரு வேளை மறந்துபோனால், 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டு போடக் கூடாது.

வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்குவார்கள். முதியவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் 2.5 மி.கி. உச்ச அளவு நாளுக்கு 10 மி.கி.

மருந்துக்கடையில் அட்டையை வாங்கியதும் ஒரு நிமிடம் படித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் எஸ்-அம்லோடிபின் என்றொரு வடிவமும் விற்கிறது, அதன் 2.5 மி.கி., சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம் என்ற கணக்கில் தரப்படுவது. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் அளவு பாதியாகும், அல்லது இரட்டிக்கும். பெயருக்குப் பின்னால் வரும் ‘ஏ.டி.’ போன்ற எழுத்துகளும் அலங்காரமல்ல. அதே மாத்திரையில் அட்டினோலால் போன்ற இன்னொரு மருந்து சேர்ந்திருப்பதைக் குறிப்பவை. அட்டினோலாலைத் திடீரென நிறுத்துவது இதய நோயாளிகளுக்கு ஆபத்து. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது பொதுவாக ஏற்காது. ‘அதே கம்பெனி, அதே மருந்துதான்’ என்று கடையில் சொல்வதை நம்பி வாங்கிவரக் கூடாது.

பக்கவிளைவுகளில் முதலிடம் கணுக்கால் வீக்கத்துக்கு. மாலையில் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரியும், விரலால் அழுத்தினால் குழி விழும். 10 மி.கி. எடுப்பவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம். நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வரும் வீக்கம் இது; உடலில் நீர் அதிகமாகச் சேர்ந்ததால் அல்ல. எனவே நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று பட்டியல் நீளுவதைவிட, அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா, டெல்மிசார்டன் போன்ற வேறொரு பிரஷர் மருந்தைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி. வீக்கத்தோடு மூச்சிரைப்பும் இருந்தால் காரணம் இதயமாகவோ சிறுநீரகமாகவோ இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. தலைவலி, முகம் சூடாவது, படபடப்பு ஆகியவை தொடக்கத்தில் வந்து பெரும்பாலும் அடங்கும். சிலருக்கு ஈறு தடிக்கும். பல் மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை இதனுடன் எடுப்பவர்களுக்கு நாளுக்கு 20 மி.கி.தான் வரம்பு, மீறினால் தசைப் பாதிப்பு வரலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அம்லோடிபினின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். மூட்டுவலிக்காகச் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றுபவை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தினமும் இலையில் இருந்தால் அவற்றின் உப்பும் அழுத்தத்தை ஏற்றும். கருவுற்றவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்தின் இதே நிதானம் அளவு மீறும்போது எதிரியாகிறது. தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து குழந்தை விழுங்கிவிட்டால் பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியலாம். சிறு குழந்தைக்கு ஒரே மாத்திரைகூட ஆபத்தாகலாம். நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.