யாருடைய பயம் செய்தியாகிறது?

'பேப்பர்லயே போட்டுட்டான்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு நடக்காது. 'மோதல்', 'பதற்றம்', 'இரு தரப்பு' என்று அச்சில் வந்ததை அப்படியே வாங்கிக்கொள்கிறோம். யாருக்குப் பதற்றம்? யார் ராத்திரி முழித்துக்கிடக்க வேண்டும், யார் நிம்மதியாகத் தூங்கலாம்? இதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்து அச்சடித்து அனுப்புகிறார்கள். அப்படி அச்சடித்த பயம் என்னென்ன வேலை செய்யும் என்பதை அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் 1892-லேயே எழுதிவைத்துவிட்டார். அவர் ஐடா பி. வெல்ஸ்.

1862-ல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியை. பிறகு டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற கறுப்பர் பத்திரிகைக்குப் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார்.

அந்த ஊரில் தாமஸ் மாஸ் என்ற தபால்காரர், வெல்ஸின் நெருங்கிய நண்பர். அவரும் இன்னும் சில கறுப்பர்களும் கூட்டாகப் பணம் போட்டு 'பீப்பிள்ஸ் குரோசரி' என்று ஒரு மளிகைக்கடை வைத்தார்கள். அதுவரை அந்த வட்டாரத்தில் ஒரு வெள்ளைக்காரன் கடைதான். அவன் வைத்ததுதான் விலை. வியாபாரம் கைமாறியது, பகை மூண்டது. 1892 மார்ச் 5-ம் தேதி இரவு ஆயுதத்தோடு சிலர் கடைக்குள் நுழைந்தார்கள். அடிக்க வருகிறார்கள் என்று முன்பே தெரிந்து உள்ளே காவலிருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்களில் மூன்று பேருக்குக் காயம். அவர்கள் உடுப்பில்லாமல் வந்த காவல் ஆட்களாம்.

மறுநாள் காலைப் பேப்பரைப் பாருங்கள். திருடர்களும் சூதாடிகளும் கூடுகிற இடம் அந்தக் கடை, குற்றவாளிகளைத் தேடிப்போன காவலர்கள் சுடப்பட்டார்கள் என்று வெள்ளையர் பத்திரிகைகள் எழுதின. மளிகை விற்ற கடை ஒரே ராத்திரியில் ரவுடிகளின் கூடாரமாகிவிட்டது. வெள்ளையர் தெருக்களில் பயம் பரவியது. மார்ச் 9-ம் தேதி விடியுமுன் ஒரு கும்பல் ஜெயிலுக்குள் புகுந்து மாஸ், மெக்டவல், ஸ்டீவர்ட் ஆகிய மூவரையும் ஊருக்கு வெளியே இழுத்துப்போய்ச் சுட்டுக்கொன்றது. கடையும் சூறையாடப்பட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் வெல்ஸ் தன் சுயசரிதையில் சொல்வது முக்கியமானது. அதுவரை அவரும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்திருந்தாராம்: கும்பல் கொலை சட்டவிரோதம்தான், ஆனால் பெண்ணைக் கெடுத்தவன்மேல் வருகிற ஆத்திரத்தில் நடக்கிறது என்று. கொல்லப்படுகிற சனங்களின் மகளே, அதுவும் பத்திரிகை நடத்துகிறவரே, கொல்கிறவன் எழுதியதை நம்பியிருக்கிறார். தாமஸ் மாஸ் எந்தப் பெண்ணையும் தொட்டவரில்லை. கடை வைத்தார், அவ்வளவுதான். அப்படியானால் மற்றவர்கள்? வெல்ஸ் விசாரிக்கத் தொடங்கினார்.

கைத்துப்பாக்கி ஒன்றும் வாங்கிக்கொண்டார். நமக்குப் பாதுகாப்பில்லாத இந்த ஊரை விட்டுப் போவோம் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே ஓக்லஹோமா பக்கம் கிளம்பினார்கள். கூலிக்கு ஆளில்லை, டிராம் வண்டியில் கூட்டமில்லை. உடனே வெள்ளையர் பத்திரிகைகளுக்குக் கறுப்பர்மேல் கரிசனம் வந்துவிட்டது. ஓக்லஹோமாவில் பசி, பட்டினி, போகாதீர்கள் என்று எழுதின. மூன்று பேரைச் சுட்டுப்போட்ட ஊர் பத்திரமாம், போகிற ஊர் ஆபத்தாம்! வெல்ஸ் நேரிலேயே போனார். மூன்று வாரம் சுற்றிப்பார்த்து, கண்டதைத் தன் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார். சனங்கள் தொடர்ந்து கிளம்பினார்கள்.

அந்த மே மாதம், பாலியல் குற்றச்சாட்டு என்பது யாரும் நம்பாத பழைய பொய் என்று 'ஃப்ரீ ஸ்பீச்'சில் எழுதினார். 27-ம் தேதி பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. வெளியூர் போயிருந்ததால் வெல்ஸ் உயிர் தப்பினார். திரும்பி வந்தால் கொலை என்று மிரட்டல். நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதினார். 'சிகாகோ டிரிபியூன்' என்ற வெள்ளையர் பத்திரிகை வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளில் 728 கறுப்பர்கள் கும்பல்களால் கொல்லப்பட்டிருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குப் பேர்மீதுதான் பாலியல் குற்றம் சாட்டவே பட்டிருந்தது. நிரூபித்ததல்ல, சாட்டியது. மீதிப் பேர் எதற்காகச் செத்தார்கள்?

பயத்தை அச்சடித்தால் ஓட்டும் கிடைக்கும். 1906-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே அட்லாண்டா பத்திரிகைக்காரர்கள். ஹோக் ஸ்மித் முன்பு 'ஜர்னல்' பத்திரிகையை நடத்தியவர், கிளார்க் ஹோவெல் 'கான்ஸ்டிட்யூஷன்' ஆசிரியர். கறுப்பரை அடக்கிவைப்பதில் யார் கெட்டிக்காரர் என்பதே பிரசாரம். செப்டம்பர் 22, சனிக்கிழமை, வெள்ளைப் பெண்கள் நான்கு பேர் தாக்கப்பட்டதாக மாலைப் பத்திரிகைகள் மணிக்கொரு தரம் சிறப்புப் பதிப்பு போட்டுத் தெருவில் கூவி விற்றன. அன்று ராத்திரி வெறிபிடித்த கும்பல் திரண்டது. குறைந்தது 25 கறுப்பர்கள் செத்தார்கள். 1908-ல் அந்த மாநிலத்தில் பெரும்பாலான கறுப்பர்களின் ஓட்டுரிமையும் பறிபோனது. பேப்பரில் பயந்தவர்கள் வெள்ளையர்கள், செத்தவர்களும் ஓட்டை இழந்தவர்களும் கறுப்பர்கள்.

அலபாமாவின் 'மான்ட்கோமரி அட்வர்டைசர்' பத்திரிகை, கும்பல் கொலைகளைத் தான் எழுதிய விதத்துக்கு 2018-ல் மன்னிப்புக் கேட்டது. நம்மூரில் எந்தப் பத்திரிகை கேட்கும்?

இது வேறு தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1996-ல் டெல்லியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபராக இருந்த கென்னத் கூப்பர் ஒரு கறுப்பர். ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச வேண்டும் என்று பத்திரிகையாளர் பி.என். உனியாலைக் கேட்டார். உனியால் தலைநகரம் பூராவும் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதை 'பயனியர்' நாளிதழில் எழுதினார். கலவரம் என்றும் மோதல் என்றும் நம்மைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அறைகளில் நம்மாள் ஒருத்தரும் இல்லை.

முன்னோடிகளுக்கு இது தெரியாமலா இருந்தது? மெம்ஃபிஸில் வெல்ஸின் அச்சுக்கூடம் நொறுங்கியதற்கு அடுத்த வருஷம், 1893-ல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. விளம்பரத்துக்கே இடம் தராதவன் நம் பயத்துக்கு இடம் தருவானா?

எனவே கணக்கெடுப்போம். நம் வட்டாரத்தில் நடந்த ஒவ்வொரு தாக்குதலையும் தேதி, நேரம், யார் வீடு, எத்தனை காயம் என்று எழுதிவைப்போம். பக்கத்திலேயே அன்றைக்குப் பேப்பர் போட்ட செய்தியை வெட்டி ஒட்டுவோம். வெல்ஸ் செய்ததும் இதைத்தான். ஒரு நோட்டும் கொஞ்சம் பசையும் போதும்.