கைகளால் நடந்த படை

ஊமைத்துரை என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. வீரபாண்டியக் கட்டபொம்மனின் தம்பி, இயற்பெயர் குமாரசாமி. ஆனால் குமாரசாமி என்று சொன்னால் யாருக்கும் ஆள் அடையாளம் தெரியாது. பெயர் வைக்கும் விஷயத்தில் நம்முடைய ஜனங்கள் தயவு தாட்சணியம் பார்ப்பதில்லை. கால் சரியில்லாவிட்டால் நொண்டி. கண் தெரியாவிட்டால் குருடு. பேச்சு வராவிட்டால் ஊமை. அப்படி வைத்த பெயரோடு 'துரை' என்ற சொல்லையும் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்களே, அதுதான் ஆச்சரியம். பேச்சு வராத ஒருவர் எப்படித் துரை ஆனார்? எப்படி ஒரு படையை நடத்தினார்?

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. கேட்டவர் காது கேளாத என் நண்பர் ஒருவர். வாயால் அல்ல, கைகளால் கேட்டார்.

பரமக்குடியில் தறிகள் உள்ள தெருக்கள் பல. நெசவாளர்களில் நிறையப் பேர் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் கடைவீதியில் தமிழுமாக இரண்டு மொழிகளில் வாழ்கிறவர்கள். என் நண்பருக்கு இவற்றோடு கைமொழியும் உண்டு. பிறவியிலேயே அவருக்குக் காது கேளாது. தறியின் ஓசை அவருக்குக் காது வழியாக வருவதில்லை. மிதியில் வைத்த கால் வழியாக ஏறி உடம்பு முழுவதும் பரவுகிறது. பத்து வருஷப் பழக்கத்தில் அவருடைய மொழியை நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். குழந்தை மழலை பேசுவதுபோல் நான் கைகளால் மழலை பேசுவேன். அவர் பொறுமையாகத் திருத்துவார். எங்கள் ஊரில் பிறந்த கமல்ஹாசன் 1987-ல் வசனமே இல்லாத ஒரு படத்தில் நடித்தார் அல்லவா? அதற்குத் தமிழில் 'பேசும் படம்' என்று பெயர். இத்தனை சரியாக வேறு எந்தப் படத்துக்கும் பெயர் வைத்ததில்லை என்பது நண்பருடைய கட்சி.

போன தை மாதம் இவரும், இவருடைய சிநேகிதர்கள் இருவரும், நானுமாகத் தோளில் ஆளுக்கொரு பை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். கமுதி, காளையார்கோவில், திருப்பத்தூர் என்று 1801-ஆம் வருஷத்துச் சண்டை நடமாடிய ஊர்களைப் பஸ்ஸிலும் கால்நடையாகவும் பார்ப்பது என்று ஏற்பாடு. மூன்று பேர் கைகளால் பேசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் மற்றப் பிரயாணிகளுக்கு ஜன்னல் வேண்டியிருப்பதில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். டிக்கெட் கேட்டவர் மூவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவங்க எங்கே இறங்கணும்?" என்றார். ஊர்ப் பெயரை எழுதிய காகிதம் நண்பர் கையில் அவர் கண்ணெதிரே நீட்டியபடியே இருந்தது.

ஊமைத்துரையைப் பற்றி அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. சொன்னவர் நம்மவர் அல்ல, எதிரி. கும்பெனிப் படையில் இருந்து இந்தச் சண்டைகளிலெல்லாம் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் லண்டனில் தம் ராணுவ நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஊமைத்துரையை ஒல்லியான, நோயாளி போன்ற தோற்றமுள்ள வாலிபராகக் காட்டுகிறார். ஆனால் அவருடைய சிறு சைகையும் ஜனங்களுக்குத் தெய்வ வாக்காக இருந்ததாம். அவர் இல்லாமல் ஆலோசனைக் கூட்டம் கிடையாது. அவர் முன்னால் நிற்காமல் சண்டை கிடையாது. இங்கிலீஷ்காரர்களைத் தாக்கவேண்டும் என்பதை அவர் எப்படிச் சொன்னார் தெரியுமா? சில துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் பரப்புவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு வலது கையால் அதன்மேல் ஒரே வீச்சு! வாயிலிருந்து சீறுவதுபோல் ஓர் ஓசை. துரும்புகள் பறக்கும், படை பாயும்.

அவர் நடத்திய படை சாமானியமானதும் அல்ல. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் அண்ணன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டார். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் பாஞ்சாலங்குறிச்சியில் மண்கோட்டை மறுபடியும் எழுந்துவிட்டது. மார்ச் 31-ஆம் தேதி தாக்க வந்த கும்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ஆம் தேதி, பீரங்கிகள் கூடுதலாக வந்து சேர்ந்த பிறகுதான், கோட்டை விழுந்தது.

காயம் பட்டு விழுந்து கிடந்தவரை, மகனைத் தேடி வந்த ஒரு தாய் கண்டெடுத்தாள் என்று வெல்ஷ் எழுதுகிறார். சாகும் தறுவாயிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டுத் தலைவரைக் காப்பாற்றும்படி சொன்னானாம். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, பெண்கள் அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்துவிட்டதாக அலறி அழுதார்கள். வந்தவர்கள் பயந்து விலகினார்கள். பேசாத தலைவரை ஒப்பாரி காப்பாற்றியது!

அங்கிருந்து தப்பி அவர் வந்து சேர்ந்த ஊர் கமுதி. குண்டாற்றங்கரையில் சிதைந்து நிற்கும் கோட்டைச் சுவரருகே உட்கார்ந்து நான் இந்தக் கதையை என் மழலைக் கையால் சொன்னேன். துரும்பு வந்த இடத்தில் நண்பர் என்னை நிறுத்தினார். தரையிலிருந்து நாலு காய்ந்த புல்லைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, தாமே அந்த வீச்சை வீசிக் காட்டினார். பிறகு அவர் சொன்னது இது: "அவருடைய கையைப் புரிந்துகொள்ள அந்தப் படை முழுவதும் கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவர் துரை. கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் வெறும் ஊமை."

இதைவிடச் சரியான பதிலை நான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கமுதியிலிருந்து ஊமைத்துரையைச் சின்ன மருது தம் ஊரான சிறுவயலுக்கு அழைத்துப் போனார். இந்தச் சின்ன மருதுவையும் வெல்ஷுக்கு முன்பே தெரியும். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிதடி. மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். ஒரு முனை கனமாக இருக்கும். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசவேண்டும். கை தேர்ந்தவர் நூறு கஜத்துக்குள் குறி தவறாமல் அடிப்பார் என்பது வெல்ஷின் கணக்கு. கற்றுக்கொடுத்த குருவைச் சங்கிலியில் தொங்கக் கண்டதையும் அதே சிஷ்யர் மனம் நொந்து எழுதவேண்டி வந்தது.

காளையார்கோவிலில் மருது சகோதரர்களின் சமாதியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, எங்களில் ஒருவர் வளைந்த கருவேலங்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். இவர் சில வருஷங்களுக்கு முன் காது கேளாத சிநேகிதர்களோடு முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தவர். கெய்ன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஜாபுகாய் என்ற ஆதிகுடிகளின் கலாசாரப் பூங்கா இருந்தது. 1987-ல் குரண்டா என்ற மலையூரில் நாடகக் கொட்டகையாகத் தொடங்கி, 1996-ல் பெரிய இடத்துக்கு மாறி, 2021-ல் மூடப்பட்டது. அங்கே பூமராங் வீசக் கற்றுக்கொடுத்தவர் விளக்கம் ஏதும் சொல்லாமல் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாராம். அன்றைக்குக் காதுள்ளவர்களைவிடத் தாம் முதலில் கற்றுக்கொண்டதாக நண்பர் பெருமையாகச் சொன்னார்.

அவர் வீசிய கருவேலங்குச்சி திரும்பி வரவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேட்டைக்கும் சண்டைக்கும் ஆஸ்திரேலியர் எறியும் தடிகளில் பெரும்பாலானவையும் திரும்பி வருவதில்லை.

அந்தக் கண்டத்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என் மனத்தில் தங்கியது. கெய்ன்ஸுக்கு வெகு தூரத்தில், நடுப் பாலைவனத்தில், வார்ல்பிரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் கணவனை இழந்த பெண்கள் துக்கம் காக்கும் மாதங்களில் வாய் திறந்து பேசுவதில்லை. எல்லாவற்றையும் கைகளாலேயே பேசுவார்கள். ஆடம் கெண்டன் என்ற அறிஞர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1988-ல் பெரிய புத்தகம் எழுதினார். அந்தப் பெண்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் கைமொழி அங்கே குறையுள்ளவர் மொழி அல்ல, ஊரார் மொழி.

படித்த உலகம் என்ன செய்தது? 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோருக்குக் கல்வி தருவோர் மாநாடு கூடி, கைமொழி கூடாது, வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து கைமொழி விலக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்துக்கு 2010-ல் வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தபோது 130 வருஷம் கழிந்திருந்தது. நம் நாட்டில் இந்தியச் சைகை மொழிக்கென்று மத்திய அரசின் நிறுவனம் தோன்றியது 2015-ல். 3,000 சொற்கள் கொண்ட அகராதியை அது வெளியிட்டது 2018-ல்.

இந்தச் சரித்திரத்தில் பாளையங்கோட்டை இரண்டு தடவை வருகிறது. ஊமைத்துரையைப் பூட்டி வைத்த சிறை அங்கே இருந்தது. அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மாது காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். எத்தனையோ குழந்தைகள் தங்களைப் போன்ற இன்னொருவரை முதன்முதலில் கண்டது இப்படிப்பட்ட பள்ளிகளில்தான். வகுப்பில் எந்தத் தீர்மானம் நடந்தாலும், நாலு பேர் விடுதியில் கூடினால் கைகள் பேசாமல் இருக்குமா? என் நண்பர்கள் மூவரும் மொழி கற்றது விடுதித் தாழ்வாரத்தில்தான்.

திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ஆம் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் கிளைவ் பிரகடனத்தால் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. நாளடைவில் வளரி வீச்சும் மறைந்தது.

திருப்பத்தூர் நினைவிடத்தில் நண்பர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. அவர்கள் மொழியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்க் குறி உண்டு. எனக்குரிய குறி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விடுவது. ஊமைத்துரைக்கு என்ன குறி? வாயைப் பொத்திக் காட்டும் பழைய குறி வேண்டாம் என்று மூவரும் ஒரே முகமாகத் தீர்மானித்தார்கள். கடைசியில் தறிக்காரர் இடது உள்ளங்கையை விரித்து, வலது கையால் அதன்மேல் ஒரு வீச்சு வீசினார். மற்ற இருவரும் அதைத் திருப்பிச் செய்து பார்த்துத் தலையாட்டினார்கள். 'ஊமை' என்ற சொல் இல்லாமல் அந்த வீரருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதை அச்சுக்கோக்க வழியில்லாததால், இந்தக் கட்டுரை முழுவதும் நான் பழைய பெயரையே எழுதவேண்டியிருந்தது.