எத்தனை மீன் விடலாம்? ஒரு கண்ணாடிப் பெட்டியின் கதை

புதுசா மீன் தொட்டி வாங்குற யாரும் கடையில கேட்கிற முதல் கேள்வி, "இதுக்குள்ள எத்தனை மீன் விடலாம்?" கடைக்காரர் தொட்டியின் நீளத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். சிக்லிட் இனத்து மீன்களுக்கு, அதாவது ஏஞ்சல், ஓஸ்கார், மலாவி மீன்களுக்கு, அந்த எண் பெரும்பாலும் கைகொடுக்காது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் இன்னும் மோசம். ஏன் என்று விளங்க இந்தக் கேள்வியின் பழைய கதையைப் பார்க்கணும். அது தேயிலையின் கதையோடும் ஒரு இடத்தில் சேருது.

1829இல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் ஒரு கூட்டுப்புழுவை மூடிய போத்தலுக்குள் வைத்திருந்தார். உள்ளே இருந்த ஈர மண்ணில் தானாக ஒரு பன்னம் முளைத்தது. நகரத்துப் புகையில் வெளியே பிழைக்காத செடி, கண்ணாடிக்குள் தழைத்தது. அதிலிருந்துதான் 'வார்ட் பெட்டி' வந்தது. கப்பலில் உப்புக்காற்று படாமல் செடி கொண்டுபோக இது போதுமானதாக இருந்தது. ரொபர்ட் ஃபோர்ச்சூன் 1848க்குப் பிறகு சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பியது இந்தப் பெட்டிகளில்தான். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்டது பேராதனை வழியாக வந்த அசாம் இனம். அது வேறு பாதை. ஆனால் சீனாவின் கையில் இருந்த தேயிலையைப் பேரரசின் பயிராக மாற்றியதில் வார்ட் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே யோசனையைத் தண்ணிக்குள் கொண்டுபோனவர் ரொபர்ட் வொரிங்டன் என்ற வேதியியலாளர். 1850 வாக்கில் அவர் ரெண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, அழுகியதைத் தின்ன சில நத்தைகள், இவ்வளவையும் ஒரே தொட்டியில் வைத்தார். செடி ஒட்சிசன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும், நத்தை சுத்தம் பண்ணும். தண்ணி மாற்றாமலே தொட்டி நின்றது. 'சமநிலைத் தொட்டி' என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது. கண்ணுக்குத் தெரிகிற மூணு உயிரை வைத்தே மொத்தக் கணக்கையும் முடித்துவிட்டார்கள்.

மிச்சக் கணக்கைப் போட்டது அவருடைய மகன். அவர் பெயரும் ரொபர்ட் வொரிங்டன்தான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வுநிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், கழிவுநீரை மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே மெதுவாக விட்டுப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து அமோனியா நைத்திரேற்றாக மாறி வெளியே வந்தது. குளோரோஃபோர்ம் விட்டதும் அந்த வேலை நின்றது. அப்போ மணலுக்குள் உயிருள்ள ஏதோ வேலை செய்யுது என்று தெரிந்தது. மகன் வொரிங்டன் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் ரெண்டு கட்டமாக, ரெண்டு விதமான நுண்ணுயிரால் நடக்குது என்று காட்டினார். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்தப் பக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தெடுத்தார். தேயிலை மலைக்குப் போடும் அமோனிய உரத்தை மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாற்றுவதும் இதே வகைக் கூட்டம்தான்.

இப்போ தொட்டிக்கு வருவோம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அமோனியா வருது. ஒரு பக்டீரியாக் கூட்டம் அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. அடுத்த கூட்டம் அதை நைத்திரேற்றாக்கும். அதன் நஞ்சு ரொம்பக் குறைவு, தண்ணி மாற்றி வெளியே எடுத்துவிடலாம். பில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு மட்டும் இல்லை. அந்தக் கூட்டம் குடியிருக்கும் இடம். அதனால் தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதை, அந்தக் கூட்டத்தால் ஒரு நாளில் எவ்வளவு கழிவைத் தீர்க்க முடியும் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்குது.

வொரிங்டனின் சமநிலையைச் சிக்லிட் உடைக்குது. ஓஸ்கார் நிறையத் தின்னும், செடியைப் பிடுங்கிப் போடும். மலாவி ஏரியின் பாறை மீன்கள் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். ஒரே மீன் அடிவாங்கிச் சாகாமல் இருக்க, வளர்க்கிறவர்கள் வேண்டுமென்றே கூட்டத்தை அதிகமாக்குவார்கள். செடி இல்லை, மீன் அதிகம். முழுச் சுமையும் பில்டர் மேலதான்.

நம்ம மலையில் மூணு தடைகள். முதலாவது குளிர். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். சிக்லிட்டுக்கு 24 முதல் 28 வேணும், பக்டீரியாவும் அந்தச் சூட்டில்தான் சுறுசுறுப்பா வேலை செய்யும். ஹீட்டர் இல்லாமல் தொடங்கினால் ரெண்டும் தடுமாறும். ரெண்டாவது தண்ணி. மலை ஊத்திலிருந்து பீலியில் விழும் தண்ணி மென்மையானது. அதில் பி.எச். எளிதாகக் கீழே இறங்கும், இறங்கினால் பக்டீரியா மந்தமாகும். மலாவி மீனுக்கோ காரத்தன்மையுள்ள கடினத் தண்ணி வேணும். அமோனியா சேர்ந்த தொட்டியில் திடீரென்று சிப்பியோ சுண்ணாம்போ போட்டு பி.எச்.ஐ ஏற்றினால், அதுவரை அடங்கியிருந்த நஞ்சு கூடிவிடும். மூணாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மூடிய பில்டருக்குள் ஓட்டம் நின்றால் ஒட்சிசன் தீர்ந்து, சில மணி நேரத்திலேயே பக்டீரியா சாகத் தொடங்கும்.

தண்ணியைப் பார்த்து மீனைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இந்தத் தீவில் பழைய பாடம். ஆங்கிலேயர் 1880களில் மலைநாட்டுக் குளிர் ஓடைகளுக்கு ட்ரௌட் கொண்டுவந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் வந்த திலாப்பியா, அதுவும் ஒரு சிக்லிட், சூடான கீழ்நாட்டுக் குளங்களில் பெருகி ஏழைகளின் தட்டுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். தோட்டங்களிலும் "எத்தனை பேர் கொள்ளும்" என்ற கணக்கு இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் ஒரு குடும்பமே அடைந்தது. குடிதண்ணி, கழிப்பறை, வடிகால், வைத்தியம் எல்லாம் பிறகுதான். தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் சட்டம் வந்தபோது, கோப்பிக் காலத்தின் பல பத்தாண்டுச் சாவுகள் நடந்து முடிந்திருந்தன. மனுசரை மீனோடு ஒப்பிடவில்லை. இடத்தை மட்டும் அளந்து, அந்த இடத்தை வாழத்தக்கதா வைத்திருக்கிற வேலையை எண்ணாமல் விடுகிற புத்தியைத்தான் சொல்கிறேன். கொழுந்து பறித்த கைகளை விட்டுவிட்டு டெய்லரின் பெயரை மட்டும் எழுதிய வரலாறும் அதே புத்தியில் வந்ததுதான்.

ஆகவே, மலையில் சிக்லிட் வளர்க்க நினைக்கிறவர்களுக்கு: மென்மைத் தண்ணிக்குப் பழகிய ஏஞ்சல் போன்ற தென்னமெரிக்க மீன்களோடு தொடங்குங்க. முதலில் ஹீட்டரையும் பில்டரையும் ஓடவிட்டு, துளி அமோனியா சேர்த்து, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும் வரை காத்திருங்க. ஆறு வாரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு ஒரு தடவைக்கு ரெண்டு மூணு மீன். வாரத்துக்கு கால்வாசித் தண்ணி மாற்றுங்க. பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில் அலசுங்க. கரண்ட் போனால் சாப்பாட்டை நிறுத்தி, பஞ்சைத் தொட்டிக்குள்ளேயே போட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போடுங்க. இந்த ஏற்பாடெல்லாம் ஆன பிறகு கேளுங்க, எத்தனை மீன் விடலாம் என்று.