மாடு இழுத்த ரயில்

சனிக்கிழமை விடிந்ததும் தேனிப் பக்கத்து பைக் கூட்டம் ஒன்று குரங்கணியில் டீக்கடை முன்னால் வந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணாந்தால் மேகத்துக்குள் டாப் ஸ்டேஷன். அது ஏன் 'ஸ்டேஷன்' என்று பலரும் கேட்பதில்லை.

அங்கே உண்மையிலேயே ரயில் வந்தது. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். சாயாமல் தாங்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் ஓடும். இழுத்தது எஞ்சின் அல்ல, மாடுகள்! 1908-இல்தான் இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன.

ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்குப் போயின. அதற்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து.

1924 ஜூலையில் கொட்டிய மழை ரயில்பாதையை அடித்துச் சென்றது. அதைக் கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் அந்த ஆண்டு 1099. ரயில் திரும்ப வரவேயில்லை. மூணாறின் பழைய ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறிகள் பலரைப் பலிகொண்டது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைப்பாதையில் வனத்துறை அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது. பைக்குகள் போடிமெட்டு வழியாகச் சுற்றித்தான் மேலே போகின்றன.